மயிரிழை தூரமும் ஒன்பதாயிரம் கிலோமீட்டரும்

பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் மருத்துவருக்குத் தலைவலிதான். அந்த பாக்டீரியா உண்மையிலேயே நோயாளியின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லை, ஊசி குத்தும்போது தோலில் இருந்தது கூடவே ஒட்டிக்கொண்டு குப்பிக்குள் போய்விட்டதா? இரண்டுக்கும் ரிப்போர்ட் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் உடம்பில் இரண்டு வேறு இடங்களில் குத்தி, இரண்டு செட் குப்பிகளில் ரத்தம் எடுக்கிறார்கள். இரண்டிலும் வளர்ந்தால் யோசிக்க வேண்டும்; ஒன்றில் மட்டும் வளர்ந்தால் பெரும்பாலும் தோலில் இருந்து வந்த விருந்தாளி.

நீலகிரியில் சீகை மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இப்படித்தான் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். அங்கே சீகை என்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம். தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்க்குத் தூரத்து உறவு, இலையிலும் அந்தச் சாயல் உண்டு. புல்வெளியைத் தின்றுவிட்ட மரம், வேரோடு பிடுங்கிப் போடுங்கள் என்பார் ஒருவர். அதன் நிழலில்தான் இப்போது சோலைக்காட்டு மரங்களின் கன்று முளைக்கிறது, கை வைக்காதீர்கள் என்பார் அடுத்தவர். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது.

பதினைந்து மீட்டர் உயரம் போகும் மரத்தையும், ஆயிரம் பேர் வரிசையாக நின்றால்தான் ஒரு மில்லிமீட்டர் தேறும் பாக்டீரியாவையும் ஒரே கட்டுரையில் நிறுத்துவது வம்புக்கு இழுக்கிற வேலைபோலத் தோன்றலாம். ஆனால் சூழலியலில் இந்த இரண்டின் பிழைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். காலியாகக் கிடக்கும் இடத்தில் முதலில் போய்க் குடியேறுகிற சாதி இரண்டும். சொந்த ஊரில் இரண்டும் உபகாரி. இடம் மாறினால் இரண்டையும் அப்புறப்படுத்துவது பெரும்பாடு.

உறவும் இல்லாமல் இல்லை. வாட்டில் இலையின் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகங்கள், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட நீலப்பச்சை பாக்டீரியாவின் சந்ததி. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் இன்றைக்கும் அவற்றுக்குள் பாக்டீரியா பாணியில்தான் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த நீரில் விதைகளை முளைக்க வைத்தால் நாற்று பச்சையில்லாமல் வெளிறிப்போவது இதனால்தான். பாக்டீரியாவைக் கொல்ல வந்த மருந்து, செடிக்குள் ஒளிந்திருக்கும் பழைய பாக்டீரியாவையும் அடையாளம் கண்டுகொள்கிறது.

முதலில் பாக்டீரியாவின் சொந்த ஊர். குருதி அகர் தட்டில் வளர்த்துப் பார்த்தால் மிளகில் பாதிகூட வராத வெள்ளைப் புள்ளிகள், பளபளப்பாக, ஓரம் வழவழப்பாக இருக்கும். ஒரு புள்ளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் உடனே நுரை பொங்கும். கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் ஊதா நிறத்தில் உருண்டைகள், திராட்சைக் குலை மாதிரி. அபர்டீனில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880களின் தொடக்கத்தில் சீழில் இந்தக் குலையைப் பார்த்துத்தான் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 1884இல் ஃப்ரீட்ரிக் ரோசன்பாக் இவற்றை நிறத்தை வைத்துப் பிரித்தார். பொன்னிறமாக வளர்வது ஆரியஸ். வெள்ளையாக வளர்ந்ததுதான் பிற்பாடு எபிடெர்மிடிஸ் ஆனது. பொன்னிறத்துக்குக் கெட்ட பெயர் சேர்ந்தது, வெள்ளை சாதுவாகக் கருதப்பட்டது. ஆய்வகத்தில் இன்றும் இரண்டையும் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு: முயல் ரத்தத்தின் பிளாஸ்மாவில் கலந்து வைத்தால் ஆரியஸ் அதை உறையவைத்துவிடும், எபிடெர்மிடிஸ் சும்மா இருக்கும்.

இந்தச் சாது இல்லாத மனிதத் தோல் கிடையாது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் தோலில் குடியேறிவிடுகிறது. வியர்வையில் இருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவாலெரிக் அமிலமாக்குவதும் இதன் வேலைதான். நாள் முழுக்க ஷூ போட்டுவிட்டுக் கழற்றும்போது வரும் வாடையில் பெரும் பங்கு அந்த அமிலத்துக்கு உண்டு. ஆனால் வாடைக்குப் பதிலாகக் காவலும் கிடைக்கிறது. எபிடெர்மிடிஸின் சில வகைகள் சுரக்கும் ஒரு நொதி, மூக்குக்குள் ஆரியஸ் கூடு கட்டுவதைத் தடுக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். 2012இல் எலிகளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளின் தோல், லீஷ்மேனியா ஒட்டுண்ணியை எதிர்க்கத் தெரியாமல் திணறியது. எபிடெர்மிடிஸைத் தோலில் குடியேற்றியதும் எதிர்ப்பு திரும்பியது. தோலின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வாத்தியாரே இதுதான் என்று சொல்லலாம்.

வாட்டிலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கும் டாஸ்மேனியாவும். வாட்டில் சேர்ந்த அகேசியா பேரினத்தில் ஆயிரத்துக்கு மேல் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவுக்கே உரியவை. அதில் பொன் வாட்டில் அந்த நாட்டின் தேசியப் பூ. 1988இல் அப்படி அறிவித்தார்கள். செப்டம்பர் 1 அங்கே வாட்டில் நாள். கிரிக்கெட் அணியின் பச்சையும் பொன்னும் இந்தப் பூ, இலையின் நிறம்தான்.

நமக்கு இங்கே தொல்லை தருகிற கூட்டத்தில் முக்கியமானது கறுப்பு வாட்டில். இலை பார்க்க வெகு அழகு. பெரணி போலச் சிறு சிறு இலைத்துணுக்குகளாகப் பிரிந்து, இலைத்தண்டின் மேல்பக்கம் வரிசையாக மேடிட்ட சுரப்பிகள். வெளிர்மஞ்சள் பூ உருண்டைகள், ஒவ்வொரு உருண்டையிலும் பல சின்னப் பூக்கள். காய் மணி கோத்ததுபோல இடைக்கு இடை ஒடுங்கியிருக்கும். இந்த ஆஸ்திரேலிய மரத்துக்கு அறிவியல் பெயர் கிடைத்தது ஆப்பிரிக்காவில் என்பது ஒரு வேடிக்கை. கென்யாவில் நட்டு வளர்த்த மரத்திலிருந்து அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்கர் மேர்ன்ஸ் சேகரித்த மாதிரியை வைத்து, 1925இல் அகேசியா மேர்ன்சியை என்று பெயரிட்டார்கள். இன்னொரு வேடிக்கை நம் கருவேலத்துக்கு நேர்ந்தது. அகேசியா என்ற பெயரே ஆதியில் கருவேலத்துக்கு வைத்தது. மரபணுவைப் பார்த்து அந்தப் பெரிய குடும்பத்தைப் பிரிக்க வேண்டி வந்தபோது, 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் பெயர் ஆஸ்திரேலியர்கள் பக்கம் போய்விட்டது. கருவேலம் இப்போது வாச்செல்லியா. ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்களுக்கு இந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. கருவேலத்தை நம்பிப் பிழைத்த நமக்கும் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியக் காட்டில் தீ வந்துபோனால் முதலில் எழுந்து நிற்பது வாட்டில். விதையின் மேலோடு கல் மாதிரி. தண்ணீர் உள்ளே இறங்காது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். தீயின் சூடு பட்டதும் ஓட்டில் விரிசல் விழுந்து, அடுத்த மழைக்கு முளைக்கும். நாற்றங்காலில் வாட்டில் விதையைக் கொதிக்கும் நீரில் முக்கி எடுப்பதும் இதற்காகத்தான். வேர் முடிச்சுகளில் வாழும் பிராடிரைசோபியம் போன்ற பாக்டீரியாக்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்க, மரம் வெந்த மண்ணுக்கு உரம் சேர்க்கும். பிசினை சுகர் கிளைடர் போன்ற சிறு பிராணிகள் தின்னும். இலையை மொட்டையடிக்கும் வண்டு ஒன்று இருக்கிறது. பாதித்த மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் தீயில் கருகினாற்போலத் தெரியும். பதினைந்து, இருபது வருடத்தில் மரம் தானே சாய்ந்துவிடும். அதற்குள் பின்னால் வரும் மரங்களுக்கு மண் தயார். தீப்புண்ணுக்குப் போட்ட கட்டு ஆறியதும் தானே உதிர்வதுபோலத்தான் இதன் வாழ்க்கை.

பிறகு இரண்டும் இடம் மாறின.

வாட்டில் கடந்து வந்தது சுமார் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் கடல். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தீர்க்கத் தொடங்கியபோது வாட்டிலும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் வந்து இறங்கின. சுதந்திரத்துக்குப் பிறகு காரணம் மாறியது, நடவு கூடியது. சிறுமுகையில் ஓடிய விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ், தோல் பதனிடப் பட்டை. வாட்டில் பட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு டானின். ஆவாரம் பட்டையை நம்பியிருந்த தமிழ்நாட்டுத் தோல் தொழில் மெல்ல வாட்டில் சாறுக்கு மாறியது. புல்வெளியைத் ‘தரிசு’ என்று கணக்கெழுதி அதில் மரம் நட்டார்கள். வரையாடு மேய்ந்த, தோடர்களின் எருமை மேய்ந்த, குறிஞ்சி பூத்த நிலம் அது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது.

பாக்டீரியா கடக்க வேண்டியது எவ்வளவு? உடம்பின் பெரும்பகுதியில் மேல்தோலின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மயிரிழை. அந்தப் பக்கம் போனால் அதற்கு வேறு கண்டம். இந்தப் பக்கம் வறண்ட, உப்பான, லேசான அமிலத்தன்மையுள்ள, தீனி குறைந்த நிலம். அந்தப் பக்கம் வெதுவெதுப்பும் சத்தும் நிறைந்த ரத்தம், கூடவே கண்ணில் பட்டதை விழுங்கும் வெள்ளை அணுக்கள். சாதாரணமாக எபிடெர்மிடிஸ் உள்ளே போனால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். நாம் தினமும் பல் துலக்கும்போதும் சவரம் செய்யும்போதும் ஏதேதோ பாக்டீரியாக்கள் உள்ளே போய்ச் செத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

கதவைத் திறந்துவிடுவது நாம். மலையில் நாற்று, மருத்துவமனையில் பிளாஸ்டிக். கழுத்துச் சிரையில் ஏற்றிய குழாய், செயற்கை மூட்டு, இதய வால்வு, பேஸ்மேக்கர் எல்லாம் உயிரைக் காப்பவைதான். ஆனால் பாக்டீரியாவின் கண்ணில் அவை ரத்த ஓட்டமில்லாத, வெள்ளை அணு நடமாடாத பொட்டல். அப்படி ஒரு பொட்டல் கிடைத்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதை எலெக், கோனன் என்ற இருவர் 1957இல் தன்னார்வலர்களின் தோலில் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் தோலுக்குள் சீழ் பிடிக்க வைக்க ஸ்டெஃபைலோகாக்கஸ் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. அறுவையில் போடும் பட்டு நூல் ஒன்று உள்ளே இருந்தால் சில நூறு போதும். அவர்கள் எடுத்துக்கொண்டது பொன்னிற ஆரியஸ். வெள்ளைச் சாதுவுக்கோ இப்படி ஒரு நூல், ஒரு குழாய் இல்லாவிட்டால் வழியே இல்லை. இருந்தால் அதைப் போலக் கெட்டிக்காரன் கிடையாது. பிளாஸ்டிக்கில் ஒட்டி, பிசுபிசுப்பான சர்க்கரைக் கூழைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காக உட்கார்ந்துவிடும். இந்த உயிர்ப்படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, தனியாக மிதப்பவற்றைக் கொல்வதைவிட நூறு, ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். உடம்புக்குள் வைத்த கருவிகளில் வரும் தொற்றுகளுக்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது எபிடெர்மிடிஸ்தான். ஆரியஸைப் போல ஆளை அடித்துப் போடாது. லேசான காய்ச்சல், மாதக்கணக்கில் விண்விண் என்று மூட்டு வலி. குறைமாதக் குழந்தைகளிடம் மட்டும் கொடூரமாக நடந்துகொள்ளும்.

நீலகிரிப் புல்வெளிக்கும் ஒரு மேல்தோல் உண்டு. அது உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளியில் பனி உறையும். மரங்களுக்கு இடையே, சோலைக்குள், அந்தக் குளிர் இறங்காது. புல்லில் முளைக்கும் சோலைக் கன்று கருகிப்போகும். அதனால்தான் மடிப்புகளில் சோலை, மேட்டில் புல் என்று நெடுங்காலமாக எல்லை பிரிந்து இருந்தது. அங்கேயே கன்றுகளை நட்டுச் செய்த பரிசோதனை ஒன்று 2020இல் வெளியானது: திறந்த வெளியில் சோலை மரங்களின் கன்றுகள் பெரும்பாலும் மடிந்தன, வாட்டில் கன்றுகள் தாக்குப்பிடித்தன. ஆயிரமாயிரம் ஆண்டு காவல் காத்த பனி, இந்த ஒரு மரத்திடம் தோற்றது. வேர் முடிச்சு பாக்டீரியாவின் தயவில் நைட்ரஜனுக்கும் கவலை இல்லை. இலையைத் தின்ன ஆஸ்திரேலிய வண்டு இங்கே வரவும் இல்லை.

உறைபனியைத் தாண்டிய இந்த மரமே இப்போது உறைபனிக்குக் கூரையாகவும் நிற்கிறது. கவனிக்காமல் விட்ட பழைய வாட்டில் தோட்டங்களுக்குள் போய்ப் பார்த்தால், குளிர் தாக்காத அந்த நிழலில் பல இடங்களில் சோலை மரங்களின் கன்றுகள் எழுந்திருக்கின்றன. முழுக்க வெட்டினால் அவையும் போய்விடும். வெட்டாதே கட்சியின் வாதம் இதுதான். ஆனால் அங்கே திரும்புவது சோலை, புல்வெளி அல்ல. வரையாட்டுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

சரி, எடுத்துவிடுவோம் என்றால்? அறுவை அரங்கில் தோலை குளோர்ஹெக்சிடினால் எப்படித் தேய்த்தாலும் மேலே இருப்பவை சாகும். மயிர்க்கால்களுக்குள்ளும் சுரப்பிகளுக்குள்ளும் பதுங்கியிருப்பவை தப்பும். சில மணி நேரத்தில் அவை மேலே வந்து பழையபடி ஊரை நிரப்பத் தொடங்கும். சீகைக்கு மயிர்க்கால் மண். ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கான விதைகள் புதைந்து கிடக்கும். மரத்தை வெட்டினால் வெயில் விழும். கிளைகளைக் கூட்டி எரித்தால் ஓடு வெடிக்கும். அடுத்த மழைக்கு ஒரு மரம் நின்ற இடத்தில் புல் போல நாற்று. சீகையை ஒரே தடவையில் ஒழிப்பதாக யாராவது டெண்டர் போட்டால் அதை நான் நம்பமாட்டேன்.

தென்னாப்பிரிக்கா இதைப் பட்டு அனுபவித்திருக்கிறது. 1864இல் நேட்டாலுக்கு வாட்டில் விதை கொண்டுபோனவர் ஜான் வாண்டர்பிளாங்க். தோல் பதனிட உலகத்துக்கே பட்டைச்சாறு அனுப்பும் தொழிலாக அது வளர்ந்தது. கூடவே மரம் ஆற்றங்கரைகளை அடைத்து நீரை உறிஞ்சியது. 1995இல், அப்போது நீர்வளத்துறை அமைச்சராக இருந்த காதர் அஸ்மல் தொடங்கிய ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டம், வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து அயல் மரங்களை வெட்டவைத்தது. மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் தாக்க ஆஸ்திரேலியாவிலிருந்தே பூச்சிகளைக் கொண்டுவந்தார்கள்: விதை தின்னும் கூன்வண்டு ஒன்று, பூவைக் கழலையாக்கிக் காய் பிடிக்காமல் செய்யும் சிறு ஈ ஒன்று. தொழிலுக்குப் பட்டை வேண்டும், காட்டுக்கு விதை வேண்டாம் என்ற பஞ்சாயத்து அது. எனக்குப் பிடித்த தீர்ப்பும் அதுதான். தமிழ்நாடும் 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது.

ஒப்பீடு பொருந்தாத இடமும் ஒன்று உண்டு, அதுதான் பயமுறுத்துகிறது. மரத்துக்குத் தலைமுறை மாற வருடங்கள் வேண்டும். பாக்டீரியாவுக்கு வசதியான இடத்தில் அரைமணி நேரம் போதும். அதோடு மரபணுக்களை அக்கம்பக்கத்துக்குக் கைமாற்றவும் தெரியும். மெத்திசிலின் மருந்துக்கு மசியாமல் நிற்கவைக்கும் மெக்-ஏ மரபணு மருத்துவமனை எபிடெர்மிடிஸிடம் ஏராளமாக இருக்கிறது, எம்.ஆர்.எஸ்.ஏ. என்று எல்லோரும் அஞ்சுகிற ஆரியஸுக்கு அது இந்தச் சாதுவின் கிடங்கிலிருந்து போயிருக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1997இல் டென்மார்க்கில், நல்ல ஆரோக்கியமான ஆட்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வியர்வையில் கசிந்தது. சில நாட்களுக்குள்ளேயே அக்குளில் அந்த மருந்துக்கு அசையாத எபிடெர்மிடிஸ் தலைதூக்கியது. பேதிக்கும் சளிக்கும் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரை, குடலோடு நிற்பதில்லை. தோல் முழுக்கத் தெளித்துவிட்டுத்தான் போகிறது.

உயிர்ப்படலம் பிடித்த குழாயை மருந்தால் சுத்தம் செய்ய முயன்று தோற்பதைவிடக் கழற்றிவிடுவதே பல நேரம் நல்லது. அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது: தினமும் காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும், இந்த லைன் இன்றைக்கும் தேவையா என்று கேட்டாக வேண்டும். இல்லை என்றால் அன்றே எடுக்க வேண்டும். மலையிலும் வேலை அப்படித்தான் போகிறது. அடர்ந்த தோட்டத்துக்குள் சோலைக் கன்று இருந்தால் சீகையை மெல்ல மெல்லக் கழிக்கலாம், அவசரமில்லை. புல்வெளியின் ஓரத்தில் தாமதிக்கக் கூடாது. முளைத்து ஓரிரு வருடமான சீகைக் கன்று, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். விட்டுவைத்தால் அரிவாள் வேண்டும். இன்னும் சில வருடம் விட்டால் பூத்துக் காய்த்து, மண்ணுக்குள் அடுத்த ஐம்பது வருடக் கணக்கைத் தொடங்கிவிடும்.